பருத்திக் காட்டுக் கோடைப் பள்ளிகள்

1964ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் இரவு. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியிலுள்ள மிசிசிப்பி மாநிலத்தில், நெஷோபா மாவட்டத்து லாங்டேல் என்னும் சிற்றூரில், கறுப்பின மக்கள் தம் கையாற் கட்டி வழிபட்டுவந்த மவுண்ட் சயான் தேவாலயம் தீக்கிரையாயிற்று. அன்று மாலை அங்கே கூடிவிட்டு வீடு திரும்பிய சபையினரை ஆயுதந் தாங்கிய வெள்ளையர் கூட்டமொன்று வழிமறித்து, ஆண் பெண் என்று பாராமல் அடித்து நொறுக்கியது. பின்னர் தேவாலயத்திற்குத் தீ வைத்தது. அம்மக்கள் இழைத்த குற்றம் யாது? வருகின்ற கோடையில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தத் தம் தேவாலயத்தில் இடந்தர ஒப்புக்கொண்டிருந்தார்கள். அவ்வளவே.

செய்தி கேட்டு நேரிற் கண்டறிய மூன்று இளைஞர்கள் சென்றனர். மைக்கேல் ஷ்வெர்னர், ஆண்ட்ரூ குட்மன் ஆகிய இருவரும் நியூயார்க்கைச் சேர்ந்த வெள்ளையர்; யூதக் குடும்பத்தினர். மூன்றாமவரான ஜேம்ஸ் சேனி, அதே மாநிலத்து மெரிடியன் நகரில் பிறந்த கறுப்பின இளைஞர். ஜூன் 21ஆம் நாள் சாம்பல் மேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் அவர்கள் கைது செய்யப்பட்டனர், இரவில் விடுவிக்கப்பட்டனர், விடுவித்த கையோடு துரத்திப் பிடிக்கப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆகஸ்ட் 4ஆம் நாள், புதிதாகக் கட்டப்பட்டிருந்த ஒரு மண் அணையின் அடியிலிருந்து மூன்று உடல்களும் தோண்டியெடுக்கப்பட்டன.

ஒரு கோடைக்காலப் பள்ளியைச் சுற்றி இத்துணைக் குருதி சிந்தப்பட வேண்டுமா என்று வாசக அன்பர்கள் வியக்கக்கூடும். இவ்வரலாற்றை முதன்முதலாகப் படித்தபோது நாமும் அவ்வாறே வியந்தோம். அவ்வியப்பு நீங்க வேண்டுமாயின், அந்த மண்ணில் கோடைக்காலம் என்றால் என்ன என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை என்றால் உம்மம்மா வீடும், மாந்தோப்பும், பகலெல்லாம் ஆட்டமுந்தான். மிசிசிப்பியின் டெல்ட்டா எனப்படும் வண்டல் சமவெளியில் கறுப்பின ஏழைப் பிள்ளைகளுக்கு வாய்த்த காலக்கணக்கே வேறு. அங்கே பள்ளியின் நாட்காட்டியைப் பருத்திச் செடி எழுதியது. இளவேனிற் காலத்தில் செடிகளுக்கிடையே களை கொத்த வேண்டும். இலையுதிர்காலத்தில் வெடித்த பருத்தியைப் பறிக்க வேண்டும். இரண்டுக்கும் பிஞ்சுக் கைகள் தேவைப்பட்டன. ஆதலால் பருத்தி வெடிக்கும் பருவத்தில் கறுப்பர் பள்ளிகள் மூடப்பட்டன. அதற்கு ஈடாக, வெள்ளைப் பிள்ளைகள் விடுமுறையில் இருக்கும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் கொடிய வெப்பத்தில் அவை திறக்கப்பட்டன. கல்வி அங்கே வேலைக்கு நடுவில் கிடைக்கும் ஓய்வாக இருந்ததேயன்றி, வேலையை விலக்கிவைக்கும் உரிமையாக இருக்கவில்லை.

அக்கல்வியின் தரமோ சொல்லுந்தரமன்று. ஒரு வெள்ளைப் பிள்ளைக்கு அம்மாநிலம் செலவிட்டதில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கே கறுப்புப் பிள்ளைக்குச் செலவிடப்பட்டது. நிறத்தின் அடிப்படையில் பள்ளிகளைப் பிரித்துவைப்பது சட்டவிரோதம் என 1954ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபின், மாநில அரசு மற்றொன்றும் செய்தது: கட்டாயக் கல்விச் சட்டத்தையே எடுத்துவிட்டது. படிக்க வரவில்லையா? யாரும் கேட்கப்போவதில்லை. வாக்காளராகப் பதிவு செய்துகொள்ள வேண்டுமாயின் மாநில அரசியற் சட்டத்தின் ஒரு பிரிவைப் படித்து, பதிவாளர் மனம் நிறைவுறும்படி விளக்கம் எழுத வேண்டும் என்றும் விதி இருந்தது. கல்வியை ஒரு கையால் மறைத்து, கல்வியில்லை என்று மறு கையால் வாக்குரிமையை மறுத்த சூழ்ச்சி இது! 1960களின் தொடக்கத்தில் வாக்குரிமை வயதடைந்த கறுப்பின மக்களில் நூற்றுக்கு ஏழு பேர்கூட அம்மாநிலத்தில் வாக்காளராகப் பதிவாகியிருக்கவில்லை. இந்நிலையில் ஒரு தேவாலயக் கொட்டகையில் பத்துப் பிள்ளைகள் கூடிக் கேள்வி கேட்கத் தொடங்கினால் அஞ்சவேண்டியவர்கள் அஞ்சத்தானே செய்வார்கள்!

இப்பள்ளிகளின் கருத்தை முதலில் எழுத்தில் வடித்தவர் சார்ல்ஸ் கோப் என்னும் கறுப்பின இளைஞர். வாஷிங்டனிலுள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகப் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு, மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழுவின் ஊழியராக மிசிசிப்பிக்கு வந்தவர் அவர். 1963 டிசம்பரில் அவர் எழுதிய திட்டவரைவின் சாரம் இதுதான்: இங்குள்ள பள்ளிகள் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதைவிட, கேள்வி கேளாதிருக்கப் பழக்குவதையே கடமையாகக் கொண்டுள்ளன, எனவே கோடையில் வேறுவகைப் பள்ளி வேண்டும். அடுத்த ஆண்டுக் கோடையில் வடமாநிலங்களிலிருந்து ஆயிரம்பேர் அளவில் தொண்டர்கள் வர ஏற்பாடாகியிருந்தது. பெரும்பாலோர் வசதியான வெள்ளைக் குடும்பங்களின் கல்லூரி மாணவர்கள். பயணச் செலவு அவரவருடையது. அதோடு, கைதானால் பிணை கட்டுவதற்கென 500 டாலர் கையிருப்பும் காட்டவேண்டும் என்று நிபந்தனை! தொண்டு செய்ய வருவோர் ஜாமீன் பணத்தோடு வரவேண்டிய நாட்டை நாம் வேறெங்கே கண்டோம்?

1964 மார்ச்சில் நியூயார்க்கில் கல்வியாளர்கள் கூடிப் பாடத்திட்டம் வகுத்தனர். ஸ்டாட்டன் லிண்ட் என்னும் வரலாற்றுப் பேராசிரியர் பள்ளிகளின் பொறுப்பை ஏற்றார். பாடத்திட்டத்தின் நடுநாயகமாக விளங்கியவை கேள்விகள். வெள்ளையர் வாழ்வில் நாம் விரும்புவது எது, விரும்பாதது எது, நம்மிடம் இருப்பனவற்றுள் விடாது காக்க வேண்டியது எது என்று பிள்ளைகளையே எண்ணிப் பார்க்கச் செய்தனர். எம் நெஞ்சைத் தொட்டது இந்த மூன்றாவது கேள்விதான். ஏழைக்கு உதவப் புறப்படுவோர் பெரும்பாலும் அவனிடம் இல்லாதவற்றையே பட்டியலிடுகின்றனர். உன்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்போர் அரியர். வரலாற்றுப் பாடம் 1839ல் அமிஸ்டாட் என்னும் கப்பலில் அடிமைகள் விலங்குடைத்துக் கிளர்ந்தெழுந்த நிகழ்ச்சியிலிருந்து தொடங்கியது. தம் மூதாதையர் எதிர்த்து நின்றனர் என்பதை அப்பிள்ளைகளுக்கு அதுவரை எந்தப் பள்ளியும் சொன்னதில்லை. பிள்ளைகள் விரும்பிக் கேட்ட பாடங்களுள் பிரெஞ்சு மொழியும் தட்டச்சும் இருந்தன. பருத்திக் காட்டுப் பிள்ளைக்குப் பிரெஞ்சு எதற்கு என்று கேட்போர் அன்றும் இருந்தனர். வெள்ளையர் பள்ளியில் அது உண்டு, தம் பள்ளியில் இல்லை என்பதே அப்பிள்ளைகளுக்குப் போதுமான காரணமாயிருந்தது.

ஆயிரம் மாணவர் வந்தால் பெரிது என்று எதிர்பார்த்தனர். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். நாற்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகள் தேவாலயங்களிலும், வீட்டுத் திண்ணைகளிலும், மரநிழலிலும் நடந்தன. ஹேட்டிஸ்பர்க் நகரில் பதிவு நாளன்று நூறு பேரை எதிர்நோக்கியிருந்தவர்களின் முன்னே அறுநூறு பேர் அளவில் திரண்டு நின்றனர். அவர்களுள் 82 வயது முதியவர் ஒருவரும் இருந்தார். தாமே முயன்று எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றவர் அவர். வாக்காளர் பதிவுப் படிவத்தை நிரப்பக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே அவர் வேட்கை. டெல்ட்டாப் பகுதியிலோ முன் சொன்ன நாட்காட்டியின் காரணமாகப் பிள்ளைகள் பகலில் அரசுப் பள்ளிக்குப் போய்விட்டு, வெயில் சாயும் வேளையில் விடுதலைப் பள்ளிக்கு வந்தனர். விடுதலைப் பள்ளி என்பதே இவற்றுக்கு வழங்கிய பெயர்.

வெளியிலிருந்து வந்த தொண்டரைப் பற்றியே எழுதிச் செல்வது இவ்வரலாற்றுக்கு நீதியாகாது. அவர்களைத் தம் வீட்டில் தங்கவைத்து, தம் பிள்ளைகளின் படுக்கையை அவர்களுக்குக் கொடுத்து, இருப்பதைப் பகிர்ந்து உண்ணச் செய்த கறுப்பினக் குடும்பங்கள் செய்ததே பெருந்தொண்டு. தொண்டர்கள் கோடை முடிந்ததும் ஊர் திரும்பலாம். இவர்கள் அங்கேயே வாழ வேண்டியவர்கள். வேலை பறிபோகும், கடைக்காரர் கடன் தரமாட்டார், இரவில் வீட்டின்மீது குண்டு விழும் என்று அறிந்தே கதவைத் திறந்தனர். அக்கோடையில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்ட கறுப்பர் தேவாலயங்கள் எரிந்தன; ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதாயினர்.

மக்கோம் என்னும் ஊரில் ஜூலை 8ஆம் நாள் தொண்டர்கள் தங்கியிருந்த வீடு வெடிவைத்துத் தாக்கப்பட்டது. அதன்பின் பள்ளிக்கு இடந்தர எந்தத் தேவாலயமும் துணியவில்லை. பிள்ளைகள் சேதமுற்ற அவ்வீட்டின் முற்றத்துப் புல்வெளியில் அமர்ந்து படித்தனர். அவர்களுள் பதினாறு வயதுப் பெண்ணொருத்தி, நாங்கள் இடங்கேட்டு நிற்கிறோம், நீங்களோ அஞ்சிக் கதவடைக்கிறீர்கள் என்று பெரியவர்களை நாணச் செய்யும் ஒரு பாட்டை எழுதினாள். அதைக் கேட்டபின் அவ்வூர்ப் பெரியவர்கள் இடந்தேடித் தந்தார்கள்.

மக்கோம் பிள்ளைகளைப் பற்றி நம் வாசகர்கள் அறியவேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. அவ்வாண்டு இறுதியில் அவ்வூர் இளையோர் சிலர் நியூயார்க் நகரத்திற்கு அழைத்துச் செல்லப்பட்டனர். டிசம்பர் 31ஆம் நாள், ஹார்லத்திலுள்ள தெரசா ஹோட்டலில் அவர்களைச் சந்தித்து உரையாற்றியவர் மால்கம் எக்ஸ். அதே ஆண்டு ஏப்ரலில் புனித ஹஜ்ஜை நிறைவேற்றி, அல்ஹாஜ் மாலிக் அல்ஷபாஸ் என்னும் பெயருடன் திரும்பியிருந்த அவர், அப்பிள்ளைகளுக்குச் சொன்ன முதல் அறிவுரை அரசியலைப் பற்றியதன்று. எதையும் தம் கண்ணாற் கண்டு, தம் காதாற் கேட்டு, தாமே சிந்தித்து முடிவெடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றே அவர் சொன்னார். அடுத்த இரண்டு திங்களுக்குள் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஹேட்டிஸ்பர்க் நகரில் அக்கோடையின் இறுதியில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். ஆகஸ்ட் 14ஆம் நாள், சாண்ட்ரா அடிக்ஸ் என்னும் நியூயார்க் ஆசிரியையோடு விடுதலைப் பள்ளி மாணவர் ஆறு பேர் நகரப் பொது நூலகத்திற்குச் சென்று உறுப்பினர் அட்டை கேட்டனர். அவர்கள் கேட்டது புத்தகம், வேறொன்றுமில்லை. நூலகர் மறுத்தார். காவல் தலைவர் வந்து நூலகத்தையே மூடினார். புத்தக இருப்பைக் கணக்கெடுக்க வேண்டியிருக்கிறதாம்! ஆறு பேரும் ஆசிரியையும் அங்கிருந்து ஒரு கடையின் உணவுப் பகுதிக்குச் சென்றனர். கறுப்பு மாணவருக்கு உணவு தர முன்வந்த கடையினர், அவர்களோடு சேர்ந்து வந்த குற்றத்துக்காக வெள்ளை ஆசிரியைக்கு மறுத்தனர். வெளியே வந்ததும், பிழைப்பின்றித் திரிபவர் என்ற குற்றச்சாட்டில் அவர் கைது செய்யப்பட்டார். இதுபற்றி அவர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1970ல் மீண்டும் விசாரிக்கப்படுமாறு திருப்பியனுப்பப்பட்டது.

நூலகக் கதையை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணமுண்டு. கோடை விடுமுறை ஏழைப் பிள்ளையின் கல்வியை என்ன செய்கிறது என்பதை முறையாக ஆராயத் தொடங்கியவர்களுள் ஒருவர் பார்பரா ஹேன்ஸ் என்னும் சமூகவியலறிஞர். அட்லாண்டா நகர மாணவர்களை ஆராய்ந்து 1978ல் அவர் வெளியிட்ட நூலில், பள்ளி நடக்கும் மாதங்களைவிட விடுமுறையிலேயே ஏழை, செல்வர் இடைவெளி விரிகிறது என்று காட்டினார். விடுமுறைக் கல்விக்கு மிகுந்த துணை செய்யும் பொது நிறுவனம் எது என்றும் தேடினார். அவர் கண்ட விடை, பொது நூலகம். ஹேட்டிஸ்பர்க்கில் மூடப்பட்ட கதவின் விலை என்ன என்பது இதனால் விளங்கும்.

ஹேன்ஸுக்குப் பின் பால்ட்டிமோர் நகரில், 1982ல் முதல் வகுப்பிற் சேர்ந்த எண்ணூறு பிள்ளைகள் அளவில் தேர்ந்தெடுத்து, கார்ல் அலெக்சாண்டர், டோரிஸ் எண்ட்விசில் முதலியோர் பல்லாண்டு பின்தொடர்ந்தனர். அவர்கள் கூறிய உவமை நம் ஊர்த் தெருக்குழாயை நினைவூட்டுவது. பள்ளி நடக்கும்போது குழாய் எல்லார்க்கும் திறந்திருக்கிறது, கோடையில் அடைபடுகிறது, அப்போது வீட்டில் கிணறு உள்ளவன் தப்பிக்கிறான், இல்லாதவன் தவிக்கிறான். கிணறு என்பது மட்டும் நாம் சேர்த்தது. ஒன்பதாம் வகுப்பில் காணும் இடைவெளியில் மூன்றிலிரு பங்கு தொடக்கப்பள்ளிக் காலத்துக் கோடைகளில் விளைந்தது என்று 2007ல் அவர்கள் எழுதினர். இக்கூற்று நாடெங்கும் முழங்கியது. ஆனால் இதை வேதவாக்காகக் கொள்ளலாகாது. பழைய தேர்வுகள் மதிப்பெண்ணைக் கணக்கிட்ட முறையே இடைவெளியைப் பெரிதாக்கிக் காட்டியிருக்கலாம் என்றும், உண்மையில் அவ்விடைவெளியின் பெரும்பகுதி பிள்ளை பள்ளி வாயிலை மிதிக்குமுன்பே உண்டாகிவிடுகிறது என்றும் பால் வான் ஹிப்பல் 2019ல் எடுத்துக்காட்டினார். இருவேறு முடிவுகளாயினும், பள்ளிக்கூடத்திற்கு வெளியே கழியும் காலந்தான் ஏழைப் பிள்ளையை வீழ்த்துகிறது என்பதில் இரண்டும் ஒத்துப்போவதை நோக்குக.

பள்ளிக்கு முந்திய பருவத்தில் தொடங்க வேண்டும் என்ற எண்ணம் இவ்வாய்வுகளுக்கெல்லாம் முன்பே, 1965ல், அமெரிக்க அரசிடம் தோன்றியது. வறுமை ஒழிப்புப் போரை அறிவித்திருந்த ஜனாதிபதி லிண்டன் ஜான்சன், சார்ஜென்ட் ஷ்ரைவரின் பொறுப்பில் ஒரு தனி அலுவலகத்தை அமைத்திருந்தார். அவ்வலுவலகம் வகுத்ததே ஹெட் ஸ்டார்ட் என்னும் திட்டம். இன்று ஆண்டு முழுதும் நடக்கும் இது, தோன்றியபோது எட்டு வாரக் கோடைத் திட்டமாகவே தோன்றியது. பாடம் மட்டுமன்றி மருத்துவப் பரிசோதனை, பல் வைத்தியம், சூடான உணவு, பெற்றோரின் பங்கேற்பு எல்லாம் அதில் அடங்கும். ஒருவேளைச் சோறு பிள்ளையைப் பள்ளிக்கு இழுத்துவரும் என்பதைத் தமிழகத்தார்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. முதற்கோடையிலேயே ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பயன்பெற்றனர்.

மிசிசிப்பியில் இத்திட்டத்தை யார் நடத்துவது? மாநில அரசு விரும்பாது. விரும்பாத கவர்னர் தடுக்கவும் சட்டத்தில் வழியிருந்தது. ஆனால் உயர்கல்வி நிலையங்களுக்கு அளிக்கும் மானியத்தைக் கவர்னர் தடுக்க முடியாது. டாம் லெவின் என்னும் நியூயார்க் உளப்பகுப்பாய்வாளரும், விடுதலைப் பள்ளிகளில் உழைத்த சிலரும் கூடி மிசிசிப்பிக் குழந்தை வளர்ச்சிக் குழுவை அமைத்தனர். மேரி ஹோம்ஸ் என்னும் கறுப்பர் கல்லூரியின் வாயிலாக மானியத்தைப் பெற்றனர். 1965 கோடையில் எண்பதுக்கும் மேற்பட்ட நிலையங்களில் ஆறாயிரம் பிள்ளைகள் அளவில் சேர்ந்தனர். முந்திய ஆண்டு விடுதலைப் பள்ளி நடந்த அதே தேவாலயங்கள், அதே திண்ணைகள்.

இக்குழு செய்த ஒரு முடிவுதான் இவ்வரலாற்றின் உயிர்நிலை என்பது எம் கருத்து. ஆசிரியர்களை வெளியிலிருந்து வரவழைக்காமல், அந்தந்த ஊர்த் தாய்மார்களையே நியமித்தனர். அவர்களுட் பலர் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். வெள்ளையர் வீட்டில் சமைத்தவர், நாளொன்றுக்கு மூன்று டாலர் கூலிக்குப் பருத்திக் காட்டில் களை கொத்தியவர். வாக்காளராகப் பதிவு செய்ததற்காக வேலையிழந்தவரும் இருந்தனர். ஊர்க் குழுக்களே இடம் பார்த்தன, ஆள் எடுத்தன, உணவு வாங்கின. பிள்ளைகள் தம் வாயாற் சொன்ன கதைகளை எழுதி, அவற்றையே அவர்கள் படிக்கும் சிறு நூல்களாக்கினர். கல்வியியல் பட்டம் பெற்றோர் இதைக் கண்டு முகஞ்சுளித்தனர். படிப்பறிவு குறைந்தவர் பிள்ளைக்கு என்ன கற்பிப்பார் என்ற வினா நியாயமற்றதென நாமும் சொல்லமாட்டோம். ஆனால் நான்கு வயதுப் பிள்ளை முதன்முதலாகக் காண்பது, தன் தாய் ஒரு கூட்டத்தில் எழுந்து பேசுவதையும், கணக்கேட்டில் கையெழுத்திடுவதையும், அவள் சொல் ஊரில் எடுபடுவதையும் என்றால், அதுவும் ஒரு பாடந்தானே? அவ்வாறு அக்குழுவில் பணியாற்றிய யூனிட்டா பிளாக்வெல் என்னும் பெண்மணி, பருத்தி பறித்த கையால் வாக்குரிமைப் போராட்டத்திற் புகுந்து, 1976ல் மேயர்ஸ்வில் நகரின் மேயரானார். மிசிசிப்பியில் மேயர் பதவியை எய்திய முதற் கறுப்பினப் பெண் அவரே.

எதிர்ப்பு உடனே கிளம்பியது. பருத்திக் காட்டுக் கூலியினும் பெரிதும் கூடிய ஊதியம், அதுவும் வெள்ளை முதலாளியின் கை படாமல் வந்து சேருவதைப் பண்ணை உரிமையாளர்கள் பொறுப்பரோ? அம்மாநில செனட்டர் ஜான் ஸ்டென்னிஸ், நிதி ஒதுக்கும் குழுவில் செல்வாக்குடையவர்; அரசுப் பணம் போராட்டக்காரர்க்குப் போகிறது என்று முழங்கினார். தணிக்கையாளர்கள் வந்து குடைந்தனர். கணக்கெழுதுவதில் குறைகள் இருந்தன என்பதை மறைப்பதற்கில்லை. முன்பின் கணக்கெழுதி அறியாத ஊர்க் குழுக்களிடம் சில வாரங்களில் பெருந்தொகையை ஒப்படைத்தால் வேறென்ன நேரும்? ஆனால் குறையைத் திருத்துவது வேறு, குறையைக் காட்டிக் கொல்வது வேறு. புதுப்பிப்பு மானியம் தாமதிக்கவே, 1966 பிப்ரவரியில் இரண்டு பேருந்துகளில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தாய்மார்கள் வாஷிங்டன் சென்றனர். நாடாளுமன்றக் கல்விக் குழுவின் அறையிலேயே பிள்ளைகள் ஆடிப் பாடி, வண்ணம் தீட்டி, தம் பள்ளியை நடத்திக்காட்டினர். அம்மாதமே 56 லட்சம் டாலர் மானியம் கிடைத்தது.

அவ்வெற்றி நீடிக்கவில்லை. அதே ஆண்டு இலையுதிர்காலத்தில் ஷ்ரைவரின் அலுவலகம் மானியத்தை நிறுத்தியது. மிதவாத வெள்ளையரும், கறுப்பினத் தலைவர் சிலரும் சேர்ந்த புதியதோர் அமைப்பிடம் திட்டத்தை ஒப்படைக்க முயன்றது. அவர்களும் தீயோர் அல்லர். அவர்கள் நடத்திய நிலையங்களிலும் பிள்ளைகள் உண்டார்கள், படித்தார்கள். ஆனால் முடிவெடுக்கும் நாற்காலியில் பருத்திக் காட்டுத் தாய்மாருக்கு இடமில்லை. நாடெங்குமிருந்து கண்டனங்கள் எழ, குறைந்த தொகையுடன் குழு மீண்டும் உயிர் பெற்று, 1968ல் ஓய்ந்தது. மானியம் கிட்டாத சில மாவட்டங்களில் தாய்மார்கள் நிலையங்களை மூடவில்லை. ஊதியமின்றி வந்தார்கள். பிள்ளைகளுக்கு வேண்டிய உணவை வீடு வீடாகத் திரட்டினார்கள். மிசிசிப்பிக் குழந்தைகளின் நண்பர்கள் என்னும் அமைப்பு அவ்வாறு பிறந்ததே.

இவ்விடத்தில் மற்றொரு செய்தியையும் குறித்தாக வேண்டும். ஹெட் ஸ்டார்ட் திட்டத்தின் பயனை அளந்து 1969ல் வெளியான வெஸ்டிங்ஹவுஸ் அறிக்கை, கோடையில் மட்டும் நடந்த வகுப்புகளால் நிலைத்த பயன் ஏதுமில்லை என்றது. எட்டு வாரத்தில் வறுமையை வென்றுவிடலாம் என்று மேடையில் பேசியவர்களுக்கு அது பேரிடி. அதன்பின் கோடை வகுப்புகள் படிப்படியாக முழு ஆண்டு வகுப்புகளாக மாறின. அவ்வறிக்கையின் முறைகளைக் குறை கூறியோர் உண்டு. எனினும் ஒரு கோடையின் கல்வி ஒன்பது மாதப் பசிக்கு மருந்தாகாது என்பதை ஒப்புக்கொள்வதில் எமக்குத் தயக்கமில்லை. மாணவரின் மதிப்பெண்ணை அளந்த அவ்வறிக்கை தாய்மாரை அளக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம்.

அந்நாட்களில் இக்குழுவுக்காக வாதாடிய வழக்கறிஞருள் ஒருவர் மேரியன் ரைட். மிசிசிப்பியில் வழக்கறிஞராகப் பதிவுபெற்ற முதற் கறுப்பினப் பெண்மணி. 1967 ஏப்ரலில் ஜாக்சன் நகரில் செனட் குழுவினர் முன் தோன்றி, டெல்ட்டாவில் பிள்ளைகள் பட்டினி கிடக்கிறார்கள் என்று சாட்சியம் கூறினார். அதன்பின் ராபர்ட் கென்னடி நேரில் வந்து, குடிசைக்குள் நுழைந்து, உப்பிய வயிற்றோடு தரையில் கிடந்த குழந்தைகளைக் கண்டார். மணமாகி மேரியன் ரைட் எடல்மன் என்றான அவ்வம்மையார் 1973ல் குழந்தைகள் பாதுகாப்பு நிதியத்தை நிறுவினார். 1990களின் தொடக்கத்தில் அந்நிதியம் விடுதலைப் பள்ளி என்னும் பெயரையே மீண்டும் எடுத்து, கோடைதோறும் ஏழைப் பிள்ளைகளுக்கு வாசிப்பு வகுப்புகளைத் தொடங்கியது. கல்லூரி மாணவர்களே ஆசிரியர்கள்; தேவாலயம், பள்ளி, சமூகக் கூடம் என உள்ளூர் அமைப்புகளே நடத்துநர்; பெற்றோர் வாரந்தோறும் கூட வேண்டும். இதற்கான பயிற்சிக்கு இடமான டென்னசிப் பண்ணை, மால்கம் எக்ஸின் வாழ்க்கை வரலாற்றை அவரோடு அமர்ந்து எழுதிய அலெக்ஸ் ஹேலிக்கு ஒருகாலத்தில் சொந்தமாயிருந்தது. நிதியம் அதை 1994ல் வாங்கியது.

எடல்மன் அம்மையார் பிறந்தது தென் கரோலினாவில், பென்னட்ஸ்வில் என்னும் சிற்றூர். அவருடைய சிறு வயதில் ஊர்ப் பூங்காவினுள் கறுப்புப் பிள்ளைகள் கால்வைக்கலாகாது. பாப்டிஸ்ட் போதகரான அவருடைய தந்தை ஆர்தர் ரைட், தம் தேவாலயத்தின் பின்புறத்தில் அப்பிள்ளைகளுக்கென ஒரு விளையாட்டுத் திடலையும், அதையொட்டிச் சிற்றுண்டிச் சாலையையும் அமைத்தார். 1954 மே மாதத்தில், பள்ளிகள் பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வெளியாவதற்குச் சில நாட்கள் முன்பு, அதைக் கேளாமலே அவர் கண்மூடினார். அப்போது மகளுக்கு வயது பதினான்கு.